பைத்தான்பாத்தா, பிடிஎச் கோப்பா? சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் சர்வர்களில் எல்லா ஸ்கிரிப்ட்டுகளுக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி ஃபோல்டர் உண்டு. அது இருக்கும் இடத்தைப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்குச் சொல்ல முன்பு பைத்தான்பாத் (PYTHONPATH) என்ற என்விரான்மென்ட் வேரியபிளை, அதாவது புரோகிராம்கள் கிளம்பும்போது படிக்கும் ஒரு செட்டிங்கை, வைத்திருந்தோம். சில வருடங்களாக அதற்குப் பதில் .pth என்று பெயர் முடியும் பிடிஎச் கோப்புதான். பழையபடி மாற்றும் எண்ணமே எனக்கு இல்லை.

பைத்தான்பாத் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஈடிசி புரொஃபைல் (/etc/profile) கோப்பில் எழுதினால் லாகின் செய்தவருக்குக் கிடைக்கும்; குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. கையால் ஓட்டும்போது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் ராத்திரி க்ரானில் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று நின்றுவிடும். ரூட் (சர்வரின் முழு உரிமை உள்ள யூசர்) போன்ற வேறு யூசராகக் கட்டளையை ஓட்டித் தரும் சூடோவும் பொதுவாக இந்த வேரியபிளைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டும். அப்புறம், போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். ஒரு புராஜெக்ட்டுக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள்ளும் நுழையும். மாட்யூல்களைத் தேடும் வரிசையில், பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு முன்னால் போய் உட்காரும். பொது ஃபோல்டரில் ஒருவர் டோக்கன் என்ற பெயரில் ஒரு கோப்பைப் போட்டால் போதும். அதே பெயரில் பைத்தானுக்குச் சொந்த மாட்யூல் இருப்பதால், அதை நம்பியிருக்கும் டோக்கனைஸ் என்ற இன்னொரு மாட்யூல் உடையும், அதை இம்போர்ட் செய்பவையும் சேர்ந்து உடையும். எரர் மெசேஜைப் பார்த்து காரணத்தைப் பிடிப்பது லேசில்லை.

பிடிஎச் வெறும் டெக்ஸ்ட் கோப்பு. கூடுதல் லைப்ரரிகள் இன்ஸ்டால் ஆகும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் வைத்து, வரிக்கு ஒரு பாதை எழுதினால் சரி. டெபியன் லினக்ஸில் அந்த ஃபோல்டருக்கு டிஸ்ட்-பேக்கேஜஸ் என்று பெயர். பைத்தான் கிளம்பும்போதே படித்துக்கொள்வதால் க்ரான், சூடோ, சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி எதிலிருந்து ஓட்டினாலும் ஒன்றுதான். கோப்பில் உள்ள பாதைகள் தேடல் பட்டியலின் கடைசியில் சேர்வதால் ஸ்டாண்டர்ட் லைப்ரரியை மறைக்க வழியில்லை. சாதாரணமாக உருவாக்கிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்டையும் தொடாது.

குறைகளும் உண்டு. இல்லாத ஃபோல்டரைக் குறிப்பிட்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எழுத்துப்பிழையோ, மவுன்ட் ஆகாத டிஸ்க்கோ, எதற்கும் எச்சரிக்கை வராது. அதனால் மாற்றம் செய்த கையோடு சைட் மாட்யூலை மைனஸ் எம் போட்டு (python3 -m site) ஓட்டி, பட்டியலில் பாதை வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். பைத்தான் 3.11-இலிருந்து 3.12-க்குப் போனால் சைட்-பேக்கேஜஸ் இடமே மாறும். கோப்பைப் புது இடத்தில் மறுபடி வைக்க வேண்டும். இதை இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கட்டாயம் கவனிக்க வேண்டியது. பிடிஎச் கோப்பில் இம்போர்ட் என்று தொடங்கும் வரியைப் பாதையாக எடுக்காமல், பைத்தான் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அப்படியே இயக்கிவிடும். ரூட் ஓட்டும் பைத்தானிலும் இதேதான் நடக்கும். எனவே சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரிலும், கோப்பு காட்டும் பொது ஃபோல்டரிலும் எழுதும் உரிமை ரூட்டுக்கு மட்டுமே இருக்கட்டும்.