சமாதிக்கு ‘நிரந்தர உரிமைச் சான்றிதழ்’ என்று 4,800 வெள்ளி (ரிங்கிட்) பறித்தார்கள் – தோட்டத்து மக்களே, கவனம்

நேற்று மதியம் பெஜாபாட் தானா (நில அலுவலகம்) கவுண்டரில் அந்தச் சான்றிதழை நீட்டினோம். அங்கிருந்த அம்மா அதில் இருந்த லோட் எண்ணை (நிலத்தின் மனை எண்) தட்டி, தேடல் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். நிலம் இன்றுவரை தோட்டக் கம்பெனியின் பெயரில்தான் இருக்கிறது. மயானம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. 4,800 வெள்ளி கொடுத்து வாங்கியது வெறும் லேமினேட் தாள். ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் தீபாவளிக்கு முன் சமாதிக்குப் படையல் வைக்கப் போகும் குடும்பங்களைத்தான் இவர்கள் குறிவைத்து வருகிறார்கள்.

பெயர் போடவில்லை. எப்படிப்பட்டவர்கள் என்று மட்டும் சொல்கிறோம்: சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டு, பழைய தோட்டச் சமாதிகளைப் பழுதுபார்த்து, ஐந்து வருடம் பராமரித்து, ‘பதிவும்’ செய்து தருவதாகச் சொல்கிறவர்கள். பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பலகை நடும் இடங்களில் இவர்களுக்கு நல்ல வியாபாரம். தோட்டம் கைமாறினால் பாட்டன் பாட்டி சமாதி என்ன ஆகும் என்ற பயம்தான் இவர்களுக்கு மூலதனம்.

நம்பிய இடத்தையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஆளாக வந்தவர் பாராங் கத்தியால் லாலாங் புல்லை ஒதுக்கி, கைக்குட்டையை நனைத்துக் கல்லில் இருந்த பாசியைத் துடைத்தார். 1957-ஆம் ஆண்டுக் கல். ‘துணைவி’ என்ற சொல்லில் ‘ணை’ பழைய எழுத்தில், யானைத் தும்பிக்கை போலச் சுழித்து வெட்டியிருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது எழுத்து என்றே தெரியாது. அவர் தடுமாறாமல் வாய்விட்டுப் படித்தார். “இந்தக் கல்ல விட்றக்கூடாது அண்ணே, நம்ம சரித்திரம் இது” என்றார். அந்த ஒரு வாசகத்துக்கு விழுந்துவிட்டோம். மே மாதம் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் 2,800. ஜூன் மாதம் ‘உரிமைப் பதிவுக்கு’ 2,000. ஆக மொத்தம் 4,800 வெள்ளி, ஒரு தனியாள் வங்கிக் கணக்குக்கு.

இனி அந்தச் சான்றிதழ் ஏன் செல்லாது என்பதைப் பாருங்கள். தோட்ட நிலம் தனியார் கிராந்து, அதாவது தனியார் பெயரில் உள்ள பட்டா நிலம். அதில் எத்தனை தலைமுறையைப் புதைத்திருந்தாலும் அதை வைத்து நிலத்தில் உரிமை வராது. தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: எவ்வளவு காலம் அனுபவித்து வந்தாலும், பதிவு பெற்ற உரிமையாளர் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதை அது தடுக்காது. அரசாங்க நிலமென்றால் 48-ஆவது பிரிவு அதே கதவை அடைக்கிறது. அப்புறம் எந்தத் தனியாள் எதை வைத்து ‘உரிமை’ விற்பான்?

மயானத்தைச் சட்டப்படி காப்பாற்ற ஒரு வழி உண்டு. நிலக்காரர் அந்தப் பகுதியை மாநில அரசிடம் ஒப்படைத்து, மாநில அரசு அதை 62-ஆவது பிரிவின்கீழ் மயான ரிசர்வாகக் கெஜட்டில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால் நினைத்த மாத்திரத்தில் ரத்து செய்துவிட முடியாது. 64-ஆவது பிரிவுப்படி முன்கூட்டி அறிவிப்புப் போட்டு விசாரணை நடத்த வேண்டும், ஆட்சேபம் சொல்ல நமக்கு இடம் கிடைக்கும். இது மயானம் முழுவதற்கும் நடக்கிற காரியம். ஒரு சமாதிக்குத் தனியாகக் கெஜட் கிடையாது, உரிமைச் சான்றிதழும் கிடையாது. மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) நடத்தும் மயானத்தில்கூட நமக்குக் கிடைப்பது புதைக்கும் அனுமதிதான், நிலம் அல்ல.

1948 ஜூன் 16-ல் இதே சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் பத்து காஜா கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். அங்கே ஆண்டுதோறும் மலர் வளையம் வைக்கிறார்கள். அந்தத் துரைமார்களின் கீழே பால் வெட்டிய நம் ஆட்களின் சமாதி எந்த நிரையில் இருக்கிறது என்று சொல்லக்கூட ஒரு பதிவேடு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்த ஆட்கள் கடை விரிக்கிறார்கள்.

செய்த வேலையையும் பார்த்தோம். பழைய சமாதி செங்கல்லும் சுண்ணாம்பும். அது ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் பாசியைக்கூடச் சுரண்டாமல், கெட்டிச் சிமெண்டை நாலு மில்லிமீட்டருக்குப் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் சிமெண்டைத் தள்ளத்தான் செய்யும். ஏழே வாரத்தில் வலைப்பின்னல் போல வெடித்து, நகத்தால் நெம்பினால் தகடாக வருகிறது. செய்ய வேண்டிய முறை வேறு. பழைய பூச்சில் பொருமியதைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு கலந்து பூச வேண்டும். ஒரு வாரம் சாக்கு நனைத்துப் போட வேண்டும். மேலே ஒட்டிய டைல்ஸ் ஓடுகளைச் சில்லறைக் காசால் தட்டிப் பாருங்கள். எங்கள் சமாதியில் பாதிக்கு மேல் ‘டொக்’ என்று வெற்றொலி வருகிறது. நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சிமெண்ட் வைத்து ஒட்டினால் அப்படித்தான் கேட்கும். உள்ளே தண்ணீர் நிற்கும், எறும்பு கூடு கட்டும்.

கல்லுக்குச் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. பளிங்குக் கல்லை ஓடு கழுவும் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் தவிர அதில் எதுவும் படக்கூடாது. அறுபது வருடத்துக்கு மேல் மழையைத் தாங்கிய எழுத்து ஒரு மத்தியானத்தில் மழுங்கிவிட்டது. மழுங்கியதை மறைக்கத் தங்கப் பெயிண்ட். அந்தப் பழைய ‘ணை’ இருக்கிறதே, அதன் சுழிக்குள் பெயிண்டை நிரப்பி, பக்கத்தில் புது ‘ணை’ ஒன்றை வரைந்து வைத்திருக்கிறான். கல்லில் இப்போது இரண்டு ‘ணை’. அன்றைக்கு அதைப் படித்துக் காட்டியவரின் ஆட்கள்தான் இதைச் செய்தவர்கள்.

பராமரிப்பு என்று ஐந்து வருடத்துக்கு இருபது முறை வருவதாக எழுதியிருந்தது. வந்தது ஒரே முறை. களைக்கொல்லியைச் சமாதி சுற்றிலும் நாலடிக்கு அடித்துவிட்டுப் போனான். புல் மொத்தமும் செத்த சரிவில் மண்ணைப் பிடிக்க என்ன இருக்கிறது? இரண்டு கனமழையில் மண் கரைந்து, அடிச்செங்கல் ஒரு சாண் வெளியே தெரிகிறது. சமாதி ஓரத்தில் ஓரடிக்கு மட்டும் லாலாங்கை வேர்க்கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், மற்றதை வெட்டித்தான் விட வேண்டும், மேட்டுப் பக்கம் சின்னதாக ஒரு லோங்காங் (வடிகால்) வெட்ட வேண்டும். இது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த வேலை.

கேட்டால் வந்த பதில்களைப் பாருங்கள். ஜூலையில் “ஆபீசர் கோர்ஸ் போயிட்டாரு அண்ணே”. பிறகு “சிஸ்டம் டவுன்”. பிறகு “மழ சீசன் லா, காயட்டும்”. படம் அனுப்பினோம், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்து, “சமாதி பழசு, அதுக்கு நாங்க கேரண்டி குடுக்கல” என்றார். போன வாரம் அந்த எண்ணும் இல்லை. 4,800 வெள்ளி. எங்கள் வீட்டில் அது இரண்டு மாதச் சம்பளம்.

எல்லாப் படியையும் விளக்கி எழுதத்தான் உட்கார்ந்தோம், மனசு ஒத்துழைக்கவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறோம்.

பணம் கொடுப்பதற்கு முன் லோட் எண்ணும் முக்கிமும் (நிலம் இருக்கும் வட்டாரம்) கேட்டு வாங்கி, பெஜாபாட் தானாவில் நீங்களே ‘சாரியான் பெர்சென்டிரியான்’, அதாவது நிலம் யார் பெயரில் என்று காட்டும் தேடல் தாள், எடுங்கள். ரிசர்வ் என்று சொன்னால் கெஜட் எண்ணைக் கேளுங்கள். எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு எண் இல்லாத ரசீதை வாங்காதீர்கள். தனியாள் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பாருங்கள்.

பணம் போய்ச் சில மணி நேரம்தான் ஆகிறது என்றால் முதலில் வங்கியையும் மோசடிப் புகார் எண் 997-ஐயும் கூப்பிடுங்கள். எங்களுக்கு மாதங்கள் கடந்துவிட்டன.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, போராங் 1 (படிவம் 1) நிரப்பிப் போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் நில உரிமை சம்பந்தப்பட்ட கோரிக்கையை அங்கே எடுக்க மாட்டார்கள். அதனால் பழுதுபார்ப்பு, பராமரிப்பு என்று வாங்கிய 2,800-ஐ ‘சேவை’ என்று தனியாகக் கேட்கப் போகிறோம். சான்றிதழுக்குக் கொடுத்த 2,000-க்கு ஏமாற்று என்று, குற்றவியல் சட்டம் 420-ஐச் சொல்லி, போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டது. ரசீதில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ‘சமாதி நிலம் – 4,800’ என்று எழுதித் தர வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் ரசீது அதிர்ஷ்டவசமாக இரண்டாக இருக்கிறது.

கல்லை யாரும் ஆசிட் போட்டுக் கழுவ விடாதீர்கள். இப்போதே போய்ப் படம் எடுத்து வையுங்கள், எழுத்து தெரியும்படி, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது.