சும்மா இருக்கப் பழகி 14 மாதங்கள்

தினமும் 20 நிமிடம் எதுவும் செய்யாமல் உட்காருவது. அவ்வளவுதான் விஷயம். முதல் வாரத்தில் எழுதியிருந்தால் இது நமக்கு ஒத்துவராது என்று எழுதியிருப்பேன். மூன்றாவது மாதத்தில் எழுதியிருந்தால் அளவுக்கு மீறிப் புகழ்ந்திருப்பேன். இப்போது 14 மாதம் ஆகிவிட்டது, உள்ளதை உள்ளபடி சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

பல் தேய்க்கும்போதே வாட்ஸ்அப், மீட்டிங் நடக்கும்போதே மெயிலுக்குப் பதில், சாப்பிடும்போது வீடியோ, அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். பல வருடங்களாக இப்படித்தான் ஓடியது. ஒரு நாள் என் மகள் எதையோ நீளமாகச் சொன்னாள். லேப்டாப்பைப் பார்த்தபடியே "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அதே விஷயத்தை அவளிடமே விசாரித்தேன். "நேத்தே சொன்னேனேப்பா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் உறுத்தியது. அப்பா கேட்க மாட்டார் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

மல்டிடாஸ்கிங் என்ற சொல்லே 1960களில் கணினித் துறையில் புழக்கத்துக்கு வந்தது. ஒரே பிராசஸர் வேலைக்கு வேலை தாவி, எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோலக் காட்டும். நாமும் தாவத்தான் செய்கிறோம். ஆனால் விட்டுவந்த வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை விளக்கி எழுதினார். என் தலைக்குள் அந்த மிச்சங்கள்தான் மலையாகக் குவிந்திருந்தன.

முதல் நாள் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது, வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி என்று தெரிந்தும் விரல்கள் துணியைத் தடவிவிட்டுத் திரும்பின. சற்று நேரத்தில் மறுபடியும். கால் ஆடியது, நெஞ்சு படபடத்தது. ஓய்வெடுக்கப் போனால் ஏன் பதற்றம் கூடுகிறது என்று பயந்தேன். இது பலருக்கும் நேர்வதுதான், 1980களிலேயே உளவியலாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2014இல் வெளியான, உளவியலாளர் திமோத்தி வில்சன் குழுவின் ஆய்வு இன்னும் ஆச்சரியம். காசு கொடுத்தாவது மின்னதிர்ச்சியைத் தவிர்ப்போம் என்று சொன்னவர்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா இருக்கவிட்டார்கள். 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் தாங்களே பொத்தானை அழுத்தி அதிர்ச்சி வாங்கிக்கொண்டார்கள். படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் செய்த பெரிய தவறு, இதையும் ஒரு வேலையாக்கியது. நாட்களை எண்ணிக்காட்டும் செயலி ஒன்றைப் போட்டேன். 41 நாள் தொடர்ச்சியாக வந்தது. 42ஆம் நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு, எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே, தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் செயலியை எடுத்துவிட்டேன். இப்போது எனக்குக் கடிகாரம், சுவரில் விழும் வெயில். சுவிட்ச் போர்டின் ஓரத்தில் தொடங்கும் அந்தக் கட்டம் ஏறக்குறைய ஒரு சாண் நகர்ந்ததும் எழுந்துவிடுவேன். மேகம் மூடிய நாளில் எழுந்திருக்கத் தோன்றும்போது எழுந்துகொள்வேன்.

உண்மையில் கைகொடுத்தது ஒரு துண்டுக் காகிதம். உட்காரும் முன் பாக்கி வேலைகளை எழுதிவைக்கிறேன். "வங்கி வேலை" என்று எழுதினால் போதாது, மனம் விடாமல் நச்சரிக்கும். "வியாழன் மதியம் போன் செய்து படிவம் கேட்கணும்" என்று நாளும் அடுத்த அடியும் சேர்த்து எழுதினால் அடங்கிவிடுகிறது. முடிக்காத வேலைக்குத் தெளிவான திட்டம் போட்டாலே அது மனதில் குறுக்கிடுவது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் காட்டியிருக்கிறார்கள்.

பலன்? வேலை குறையவில்லை. தூக்கத்திலும் பெரிய மாற்றம் இல்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது போனை எடுப்பதில்லை. ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்கிறேன், மறுநாளும் அது நினைவிருக்கிறது. எனக்கு இதுவே பெரிது. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் மட்டும் இது உதவவே இல்லை. உட்கார உட்காரக் கவலைதான் வளர்ந்தது. அந்த நாட்களில் நடக்கப் போனேன். பதற்றம் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், இதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் சும்மா இருக்க, அந்த நேரத்துக்கு வீட்டை இன்னொருவர் தாங்க வேண்டும். ஆறு மாதம் இது என் கண்ணிலேயே படவில்லை. நான் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காலிங் பெல்லுக்குப் போய்வந்தது என் மனைவி. "உங்களுக்கு இருபது நிமிஷம் கிடைக்குது, எனக்கு?" என்று அவள் கேட்டது முழுக்க நியாயம். அன்றிலிருந்து நான் தினமும் உட்காருவதை விட்டு, ஒரு நாள் நான், ஒரு நாள் அவள் என்று மாற்றிக்கொண்டோம். ஆரம்பத்தில் அவள் நிமிடத்துக்கொரு தரம் எழுந்தாள். "கேஸை அணைச்சேனா?" "நான் பாக்கறேன், நீ உட்காரு." அவள் கால் மேல் கால் போட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காரவே இரண்டு மாதம் ஆனது.

இன்று அவள் முறை. போன் இரண்டும் என்னிடம் இருக்கின்றன, பெல் அடித்தால் நான் போவேன்.