ஏர்கோன் (ஏசி) வாங்கப் போறீங்களா? எச்பி (மெஷினோட சக்தி அளவு) விஷயத்துல கடைக்காரன் வாய நம்பாதீங்க

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட், அதச் சுத்தியுள்ள தோட்டத்து ஆளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கடை பேரு போடல, வழக்கு நடக்குது.

அம்மாவுக்கு தோட்டத்த விட்டு வந்தப்பறம் வாங்குன சின்ன டெராஸ் வீடு, படுக்குற ரூமு 11க்கு 12 அடி. டவுன்ல ஒரு கடையில போய் கேட்டிருக்காங்க, அந்த ஆளு ரூமு எவ்ளோ பெருசு, வெயில் எந்தப் பக்கம், கூரைக்குக் கீழ சீலிங் இருக்கா, ஒண்ணுமே கேக்கல. "ஆண்ட்டி, பெருசா போட்டா சீக்கிரம் சில்லாகும், கரண்டும் மிச்சம்"னு சொல்லி 2 எச்பி, அதுவும் இன்வெர்ட்டர் (தேவைக்கேத்த மாதிரி கம்ப்ரசர் வேகத்த கூட்டிக் கொறைக்கிறது) இல்லாத பழைய ஸ்டாக்க தலையில கட்டிட்டான்.

கணக்கு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நம்ம ஊருல அடிக்கணக்குல நீளம் பெருக்கல் அகலம், அத 60 இல்ல 65ஆல பெருக்குனா தேவையான பிடியூ (ஒரு மணி நேரத்துல எவ்ளோ சூட்ட வெளிய எடுக்கும்ங்குற அளவு) வரும். 132 பெருக்கல் 65னா 8,580. 1 எச்பி சுமாரா 9,000 பிடியூ, 1.5 எச்பி 12,000, 2 எச்பி 18,000. மத்தியான வெயில் சுவத்துல நேரா அடிக்குது, ஜிங் தகரக் கூரைன்னு பாத்தாலும் 1.5க்கு மேல போகவே வேணாம். அம்மாவுக்கு வித்தது தேவைக்கு ரெண்டு மடங்கு!

பெருசா இருந்தா நல்லதுதானேன்னு கேப்பீங்க. இங்கதான் விஷயமே. நம்ம ஊருல சூட்ட விட மோசம் ஈரம். ராத்திரி 23, 24 டிகிரிக்கு தானாவே இறங்கிடும் ஆனா காத்துல ஈரம் 90 சதவீதத்துக்கு மேல நிக்கும். ஏர்கோன் அந்த ஈரத்த எடுக்கணும்னா உள்ள இருக்குற காயில் ரொம்ப நேரம் சில்லுன்னு இருந்து தண்ணிய வடிக்கணும். இந்த மெஷின் என்ன பண்ணுதுன்னா கொஞ்ச நேரத்துல ரூம சில்லாக்கிட்டு கம்ப்ரசர் கட்டாயிடுது, ஃபேன் மட்டும் ஓடி காயில்ல இருக்குற ஈரத்தையே திரும்ப ரூமுக்குள்ள ஊதுது, அப்பறம் மறுபடி ஸ்டார்ட்டு, மறுபடி கட்டு, ராத்திரி பூரா இதே கூத்து. குளுருது ஆனா நசநசன்னு ஒட்டுது. பாவம் அம்மா, சரியா வேல செய்யலன்னு நெனச்சு 18ல வச்சு, போர்வைய போத்திக்கிட்டு படுத்திருக்காங்க. அலமாரிக்குப் பின்னாடி சுவரெல்லாம் கறுப்பா பூசணம், பட்டுப்பொடவையெல்லாம் ஈர வாடை. கரண்டு பில்லும் ஏறிடுச்சு.

கடைக்கு போன் பண்ணா ஆள அனுப்புனான். அவரு கேஜ் (அழுத்தம் பாக்குற மீட்டர்) கூட மாட்டாம "கேஸ் கம்மி"ன்னு, அதாவது குளிரூட்டுற வாயு கொறைஞ்சிருக்குன்னு சொல்லி 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிட்டுப் போயிட்டாரு. இதக் கேட்டப்பதான் எனக்கு ரத்தம் கொதிச்சிச்சு. கேஸ் என்ன பெட்ரோலா ஓட ஓட தீர்றதுக்கு? மூடுன பைப்புக்குள்ள சுத்துறது, கொறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், புது மெஷின்ல ஒழுகுனா அத மாட்டுனவன்தான் சும்மா செஞ்சு குடுக்கணும்.

ஈப்போவுல ஏர்கோன் வேல செய்ற தெரிஞ்ச தம்பி ஒருத்தர கூட்டிட்டு வந்தேன். வந்ததும் வெளிய போய் தண்ணி வடியிற குழாயத்தான் பாத்தாரு. "அண்ணே, ஓடுற ஏர்கோன்ல தண்ணி விடாம சொட்டணும், இது அப்பப்ப ஒரு சொட்டுதான் விடுது"ன்னாரு. கேஜ் மாட்டிப் பாத்தாரு, கேஸ் சரியாத்தான் இருந்திச்சு. அப்ப அந்த 150 வெள்ளி எதுக்கு?

மாத்திக் குடுன்னு கேட்டதுக்கு "வித்த சாமான் திரும்ப எடுக்க மாட்டோம்"னு ரிசிட்டுல அடிச்சிருக்குறத காட்டுறான். சரின்னு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல போட்டாச்சு. ஃபீஸ் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். ஆனா ஒரு தலைவலி, அவன் குடுத்த ரிசிட்டுல "ஏர்கோன் 1 செட்"னு மட்டும்தான் எழுதியிருக்கு, எச்பியும் இல்ல மாடலும் இல்ல. நீங்க வாங்குனா ரெண்டையும் எழுதச் சொல்லி கையெழுத்தோட வாங்குங்க, ரூமு அளவையும் அதுலயே எழுத வைங்க. எழுத மாட்டேன்னு சொன்னா வேற கடைக்கு நடங்க.

இப்போதைக்கு அம்மா டிரை மோட்ல (ஈரத்த எடுக்குற செட்டிங்) போட்டுக்கிட்டு படுக்குறாங்க, கொஞ்சம் பரவால்ல. ஹியரிங் தேதி இன்னும் வரல.