315 என்று நம்பி வாங்கியது 200

பர்மாவில் பெகு பக்கம் சின்னதாக ஒரு ரைஸ் மில் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் உமியை எரித்து அந்த கேஸில்தான் எஞ்சின் ஓடியது. மில்லை மின்சாரத்துக்கு மாற்றியபோது ட்ரான்ஸ்ஃபார்மரை நாங்களே வாங்கி வைக்க வேண்டியிருந்தது. ரங்கூனில் நம் ஆள் ஒருவர் பழைய சரக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பேரைச் சொல்லப் போவதில்லை; சொல்லிவிட்டு வம்பில் மாட்ட எனக்குத் தெம்பில்லை.

"அண்ணே, 315 கேவிஏ, செப்புக் காயில். புதுசுக்குப் போனா டபுள் ஆகும்" என்றார். கேவிஏ என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு. நேம் பிளேட்டிலும் 315 என்றுதான் இருந்தது. 11,000 வோல்ட்டில் வாங்கி 400 வோல்ட்டில் தருவது. எங்கள் லைனும் 11,000 தான். (ரங்கூனில் 6,600 வோல்ட் லைனும் உண்டு. அதை மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, பெரிய விவரஸ்தன் போல ஊர் திரும்பினேன்.)

ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா முடிந்து கோடை நெல் வந்தது. எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடிய மூன்றாம் நாள், தொட்டியின் மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. கிட்டே போனாலே அனல். எங்கள் எலக்ட்ரீஷியன் சயா கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தார்: ஒரு ஃபேஸுக்கு 390 ஆம்பியர். "315-ன்னா 455 வரை போகலாமே, இதுக்கே ஏன் கொதிக்குது?" என்றவர், சப்ளையை நிறுத்தி ஏறி, மண்ணெண்ணெய்த் துணியால் பிளேட்டைத் துடைத்தார். கேவிஏ வரிக்கு மூன்று வரி கீழே, பெயின்ட் அப்பிய இடத்தில், 288.7 என்று இருந்தது.

அதுதான் 400 வோல்ட் பக்கத்து ஆம்பியர். கேவிஏ-வை 1000-ஆல் பெருக்கி, 1.732-ஆலும் 400-ஆலும் வகுத்தால் ஆம்பியர் வரும். 315-க்கு 455. 200-க்கு 288.7. மேலே எண்ணை மாற்றியவன் கீழே மாற்ற மறந்துவிட்டான். கட்டைவிரலால் தடவினால் 315 இருக்கும் இடம் மட்டும் பள்ளமாக இருந்தது. அரம் போட்டுத் தேய்த்து மறுபடி பஞ்ச் அடித்திருக்கிறான்.

288.7-க்கு 390 என்றால் 1.35 மடங்குதானே என்று நினைத்தேன். காயிலில் ஏறும் சூடு கரண்டின் வர்க்கத்தில் போகும், ஏறக்குறைய 1.8 மடங்கு என்றார் சயா. அதற்கு மேல் எங்கள் ஏப்ரல் வெயில் வேறு.

அடுத்த மோசடிக்காரன் ஆம்பியர் வரியையும் மாற்றிவிடுவான். அதற்கும் சயா ஒரு வழி சொன்னார். வாங்கும் முன் ஒர்க்‌ஷாப்பில், விவரம் தெரிந்தவரை வைத்து, 400 வோல்ட் பக்கத்து மூன்று முனைகளையும் தடித்த கம்பியால் ஷார்ட் செய்து, 11,000 பக்கத்தில் சாதாரண 400 வோல்ட் த்ரீ ஃபேஸ் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த அளவு ட்ரான்ஸ்ஃபார்மர்களுக்கு இம்பீடன்ஸ், அதாவது உள்ளே கரண்டைத் தடுக்கும் அளவு, பெரும்பாலும் 4 சதவீதம். அப்படியானால் 315 கேவிஏ அந்தப் பக்கம் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். 200 என்றால் ஒன்பதரைதான். பிளேட்டைத் தேய்க்கலாம், இதைத் தேய்க்க முடியாது.

விற்றவருக்கு போன் போட்டேன். "பாத்துத்தானே அண்ணே வாங்கினீங்க" என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால், பர்மிய மொழியில் "பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் 1" என்று மட்டும். கேவிஏ இல்லை, வோல்ட் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. நீங்கள் வாங்கினால் பிளேட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத முடியாது என்றால் அப்படியே வந்துவிடுங்கள்.

இப்போது சுமையைக் குறைக்க, அரிசி தீட்டும் பாலிஷரை இரவில் தனியாக ஓட்டுகிறேன். வேலையாட்களுக்கு இரவுக் கூலி தண்டம். வித்துத் தொலையுங்க என்கிறான் மச்சான். 200 என்று உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? பிளேட்டில் 315 என்றல்லவா இருக்கிறது.