துவைத்துப் பார்த்தால்தான் தெரியும்: பின்னல் நூல்களோடு பல வருட அனுபவம்

பின்னல் நூலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிய புதிதில் அது எப்படி இருந்தது என்றுதான் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது அதற்குப் பிந்தைய கதை. பின்னி முடித்ததைப் பல குளிர்காலம் போட்டு, துவைத்து, மடித்து வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: கையில் எடுத்ததும் மெத்தென்று இருக்கிற நூல் நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பவே கூடாது. பல நேரம் நேர்மாறாகத்தான் நடக்கிறது.

மெரினோ என்ற செம்மறி இனத்தின் மென்மையான கம்பளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். ஏறக்குறைய 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் தோலில் குத்தும். மெரினோ பொதுவாக 24-க்குள் இருப்பதால் கழுத்தோரத்தில்கூட அரிக்காது. என்னிடம் இரண்டு மெரினோ ஸ்வெட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஒற்றைப் புரி நூல் (புரி என்பது நூலில் சேர்த்து முறுக்கப்படும் ஓர் இழைத்திரி), அதிகம் முறுக்காமல் பஞ்சுபோல விட்டிருப்பார்கள். இன்னொன்று இறுக்க முறுக்கிய முப்புரி. முதலாவதின் அக்குளிலும், கை மேஜையில் உரசுகிற இடத்திலும் ஒரே சீசனில் குட்டிக் குட்டி உருண்டைகள் திரண்டுவிட்டன. அந்த உருண்டைகளைப் பிய்த்துப் பிய்த்து எடுத்ததில் முழங்கைப் பக்கம் துணியே மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. முப்புரி ஸ்வெட்டர் அதைவிட அதிகமாக உழைத்திருக்கிறது, இன்னும் முழுசாக இருக்கிறது. இரண்டிலும் லேபிளில் எழுதியிருப்பது ஒன்றுதான்: 100% மெரினோ. மெல்லிய இழையைத் தளர்வாக முறுக்கினால் நுனிகள் வெளியே நழுவி, உரசலில் ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகிவிடும். இறுக்கமான முறுக்கு அந்த நுனிகளை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதனால் இப்போதெல்லாம் நூல் வாங்கும்போது நுனியை எடுத்து, முறுக்குக்கு எதிராகத் திருகிப் பிரித்துப் பார்க்கிறேன். எத்தனை புரி, எவ்வளவு இறுக்கம் என்று உடனே தெரிந்துவிடும். இருபுரி நூலில் இரண்டு புரிகளும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கண்ணியை விரித்துக் கொடுக்கும்; லேஸ் பின்னலுக்கு அதுதான் அழகு. முப்புரி உருண்டையாக நின்று கண்ணியை நிரப்பும். கயிறு முறுக்கியதுபோல் தெரிகிற கேபிள் பின்னல் அதில் எடுப்பாகத் தெரியும். ஒற்றைப் புரியில் வெறும் நேர்பின்னல் போட்டால் துணி ஒரு பக்கமாகச் சாய்கிற பழக்கமும் உண்டு. தொப்பி, மஃப்ளர் என்று உரசல் குறைந்தவற்றுக்கு மட்டும் ஒற்றைப் புரியை வைத்துக்கொள்கிறேன். அதன் நிற ஆழம் வேறு எந்த நூலிலும் வருவதில்லை, அதை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை.

அடுத்தது சூப்பர்வாஷ், அதாவது மெஷினில் துவைக்கலாம்படி பதப்படுத்திய கம்பளி. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. வெந்நீரில் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். இதைத் தடுக்கப் பெரும்பாலும் குளோரினால் செதில்களைத் தேய்த்து, மேலே மெல்லிய பாலிமர் பூச்சுக் கொடுக்கிறார்கள். விளைவாக வாஷிங் மெஷினில் போடலாம். குழந்தைகளின் உடுப்புக்கு எனக்கு வேறு யோசனையே கிடையாது. ஆனால் செதில் போனால் பிடிமானமும் போகும். நனைந்த சூப்பர்வாஷ் ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தால் கை இரண்டும் முழங்கால் வரை இறங்கி நிற்கும். நல்ல வேளையாக இதற்கு வழி இருக்கிறது: ஒரு சைஸ் சிறிய ஊசியில் இறுக்கமாகப் பின்னுவது, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் உலர்த்துவது. இரண்டு மூன்று நிறம் கோத்துப் பின்னுகிற வேலைக்கு மட்டும் சூப்பர்வாஷ் வேண்டாம். சாதாரணக் கம்பளியில் கண்ணிகள் பக்கத்துக் கண்ணியைப் பிடித்துக்கொள்வதால் அந்த வேலை ஒழுங்காக அமைகிறது.

பருத்தி நூலில் இழுத்தால் திரும்பி வரும் குணம் மிகக் குறைவு. அதனால் நெடுநேரம் பின்னினால் விரலும் மணிக்கட்டும் வலிக்கும், கழுத்திலும் கைமுனையிலும் இழுபடுவதற்காகப் போடும் ரிப் பின்னல் சில வாரத்தில் தொளதொளத்துவிடும், நீளமான ஸ்வெட்டர் தன் எடையிலேயே இன்னும் நீளும். தோள், பக்கவாட்டுத் தையல்கள் போட்ட குட்டையான கோடைச் சட்டை சரிப்படும். பை, கைத்துண்டு என்றால் பருத்திக்கு இணையில்லை. நனைந்தால் இன்னும் வலுவாகிற இழை அது, எத்தனை துவைத்தாலும் தாங்கும். பளபளப்பான மெர்சரைஸ்டு பருத்தி என்பது காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தியது. ஜான் மெர்சர் 1850-ல் காப்புரிமை பெற்ற முறை. நூலை இழுத்துப் பிடித்தபடி பதப்படுத்தினால்தான் அந்தப் பளபளப்பு வரும் என்று ஹோரஸ் லோவ் பின்னால் 1890 வாக்கில் காட்டினார்.

மூங்கில் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கியது. உடம்போடு வழிந்து விழும் அழகு அபாரம். ஆனால் ஈரத்தில் வலு குறையும். சால்வைக்கு மேல் அதை நம்ப மாட்டேன்.

செயற்கை இழையான அக்ரிலிக்கை இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு வேண்டியது கம்பளி போன்ற விலங்கு இழை. அக்ரிலிக்கை அவை உண்பதில்லை. தினம் துவைக்கிற போர்வைக்கும், கையால் துவைக்க நேரமில்லாதவர்களுக்குக் கொடுக்கிற பரிசுக்கும் அது நியாயமான தேர்வு. அதன் எதிரி சூடு. ஸ்டீம் அயர்னை வைத்தால் துணி துவண்டுவிடும், அந்த உயிர்ப்பு திரும்பவே வராது. தீப்பட்டால் உருகி ஒட்டும், ஆகவே சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு ஒருபோதும் கூடாது. லேபிள் தொலைந்த நூல் என்னவென்று கண்டுபிடிப்பதற்கும் நெருப்பே உதவுகிறது. இடுக்கியில் ஒரு சிறு துண்டைப் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கலாம். பருத்தி காகிதம் மாதிரி சட்டென்று எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும், ஆறிய பிறகும் நசுங்காது.

சாக்ஸுக்கு 75% கம்பளி, 25% நைலான் கலவையை விட்டு நான் நகரவில்லை. குதிகாலில் வெறும் கம்பளி ஓட்டையான இடத்தில் இது நிற்கிறது. அல்பாகா என்ற விலங்கின் ரோம நூல் நல்ல வெதுவெதுப்பு, ஆனால் கம்பளியின் மீள்தன்மை இல்லாததால் ஸ்வெட்டர் கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். கம்பளி கலந்ததாக வாங்குங்கள்.

தடிமனுக்கு லேபிளில் 0 முதல் 7 வரை எண் போடுகிறார்கள். ஒரு நூலுக்குப் பதில் இன்னொன்றைப் போடும்போது அந்த எண்ணோடு நிறுத்தாமல் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். சாக்ஸ் நூல் சுமார் 400 மீட்டர் வரும், டி.கே. என்கிற நடுத்தரத் தடிமன் நூல் 200 முதல் 250 வரை. இழை வகையும் மீட்டரும் இரண்டுமே ஒத்துப்போனால்தான் அளவு கைக்கு வரும். மாதிரித் துண்டு பின்னுவதோடு விடாமல், உடுப்பை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவையுங்கள். பருத்தியோ அல்பாகாவோ என்றால் கீழே நாலைந்து கிளிப் மாட்டி ஓரிரு நாள் தொங்க விட்டு, பிறகு அளந்து பாருங்கள்.

வாங்கும்போது எல்லாக் கண்டிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்கான எண்) ஒன்றுதானா என்று சரிபார்த்து, ஒரு கண்டு கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். மிச்சத்தில் ஒரு சிறு சிட்டம் கட்டி, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் கூடவே துவைத்து உலர்த்துகிறேன். முழங்கை கிழிந்து ஒட்டுப் போட வேண்டி வந்தால் நூலும் துணியளவு வெளுத்திருக்கும், ஒட்டு தனியாகத் தெரியாது.