குதிகால் தசைநாண் வலி: படியா, எடையா?

வேலூர் கோட்டை மைதானத்தில் காலையில் நடப்பவர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நாளெல்லாம் நிற்பவர், யாருக்கும் வரலாம் இந்த வலி. கெண்டைச்சதையைக் குதி எலும்போடு இணைக்கும் தசைநாணில் (அக்கிலிஸ்) வருவது இது. தைலம் தேய்த்து ஓய்வெடுத்தால் அடங்கும். நடந்தால் மறுபடி பிடிக்கும். தசைநாண் பலப்பட அதன்மேல் சுமை ஏறியாக வேண்டும்.

முதல் வழி, 1998-ல் சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் குழு சொன்னது. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் பதித்து நில்லுங்கள். நல்ல காலால் எம்பி, வலிக்கிற காலால் குதிகாலை மெல்லக் கீழே இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை, மூன்று சுற்று. லேசாக மடக்கி இன்னும் மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். காசு செலவில்லை. ஆனால் தினம் 180 தடவை! ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு மாலைக் கணக்குதான் முதலில் விட்டுப்போகும்.

இரண்டாவது, வாரம் மூன்று நாள் கனமான எடையோடு, குதிகாலை மூன்று விநாடி ஏற்றி மூன்று விநாடி இறக்குவது. 15 தடவையில் தொடங்கி, எடை கூடக்கூட எண்ணிக்கை 6 வரை குறையும். 2015-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வில் இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் ஓட்டு எடைக்கே. மூன்று நாளை எப்படியும் ஒதுக்கிவிடலாம். ஜிம் இல்லையென்றால் முதுகுப் பையில் அரிசி மூட்டை போதும்.

வலி குதி எலும்பை ஒட்டியே இருந்தால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையில் செய்யுங்கள். 'பட்'டென்று அறுந்தாற்போல் இருந்தால் அன்றே டாக்டர்.