சீன எழுத்துப் பயிற்சிச் செயலி: 'வாங்' சரியாகும்வரை காசைக் கொடுக்காதீர்கள்

சீன எழுத்தின் கோட்டு வரிசையை, அதாவது எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோட்டைப் போட வேண்டும் என்பதை, சொல்லித்தரும் ஒரு செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. சீனம் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

செயலியின் பெயர் வேண்டாம். விரலால் திரையில் எழுதினால் ஒவ்வொரு கோட்டையும் சோதிக்கும், வரிசை தப்பினால் சிவப்பு காட்டும். வருஷக்கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். என் கைக்கு வரிசை படிந்தது அதனால்தான், அதில் சந்தேகமே இல்லை.

மாட்டைக் குறிக்கும் 'நியூ' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே கோடுகள். தனியாக நிற்கும்போது ஒரு சின்னச் சாய்கோடு, இரண்டு படுக்கைக் கோடுகள், கடைசியில் அவற்றை வெட்டிக்கொண்டு இறங்கும் நெடுங்கோடு. அதே மாடு, பொருளைக் குறிக்கும் 'வூ' எழுத்தின் இடப்பக்கம் ஒடுங்கி நிற்கும்போது வரிசை மாறும். நெடுங்கோடு மூன்றாவதாக முந்திக்கொள்ளும். கீழ்ப் படுக்கைக் கோடு கடைசிக்குப் போய் வலப்பக்கம் மேல்நோக்கி எழும். அதை இழுத்து முடிக்கையில் பேனா, வலப்பாதி தொடங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! வரிசையை ஏன் இப்படி வைத்தார்கள் என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் உண்டு. சீனக் கைப்பேசி விசைப்பலகையில் ஐந்தே பொத்தான்களால் எழுத்தைத் தேடும் முறை இருக்கிறது: படுக்கை, நெடுக்கை, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு. சாஸ் பாட்டில் லேபிளில் உச்சரிப்பு தெரியாத எழுத்து இருந்தால், கோடுகளை வரிசையாகத் தட்டினால் போதும், வந்துவிடும். வரிசை தெரிந்தவர்களுக்கு இது பெரிய வரம்.

என் கோபமும் இங்கேதான். அரசனைக் குறிக்கும் 'வாங்' மூன்று படுக்கைக் கோடும் நடுவில் ஒரு நெடுங்கோடும் கொண்டது. சீனாவில் மேலே இரண்டு படுக்கை, பிறகு நெடுக்கை, கடைசியில் அடிக்கோடு. செயலி, முதல் படுக்கை முடிந்ததுமே நெடுக்கையைக் கேட்கிறது. அது ஜப்பானிய வரிசை. அமைப்பில் சீனா என்று தேர்ந்தெடுத்திருக்கிறேன், ஆனாலும் சரியாக எழுதினால் சிவப்பு! அது சொன்னபடி என் கைப்பேசியில் தட்டினால் 'வாங்' வருவதே இல்லை.

ஒரு எழுத்தோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். 'வாங்' எத்தனையோ எழுத்துகளுக்குள் உறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. நாட்டைக் குறிக்கும் 'குவோ'வின் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு புள்ளி சேர்ந்த 'வாங்'தான். 'கட்டாயம்' என்று பொருள்படும் 'பீ' எழுத்திலும் இதே கதை: சீனாவில் இடப்புள்ளியில் தொடங்க வேண்டும், செயலியோ ஜப்பானிய முறையில் நடுப்புள்ளியில் தொடங்கச் சொல்கிறது.

புகார் அனுப்பினேன். இரண்டு வரிசைகளும் வழக்கில் உள்ளவை என்று பதில் வந்தது. உண்மைதான், ஜப்பானியப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்களுக்கு அது சரி. தைவானுக்கும் தனி வரிசைக் கையேடு இருக்கிறது. ஆனால் சீனாவுக்கு என்று சொல்லி விற்கும்போது சீனாவின் விதி வேண்டாமா? பொதுப் பயன்பாட்டுக்கு வரையறுத்த 8105 எழுத்துகளுக்கும் கோட்டு வரிசை வகுத்த அரசுத் தரவிதி அங்கே 2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பார்த்துத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு குறை: கோணலாக இழுத்தாலும் செயலி அதை அழகான அச்சுக் கோடாக மாற்றிவிடுகிறது. வரிசை மனசில் நிற்கும், எழுத்து தாளில் நிற்காது. அதற்குக் குறுக்குக் கோடு போட்ட கட்டத்தாளும் பென்சிலும்தான் வழி.

இவ்வளவு கற்றுக்கொடுத்த செயலிக்கு இந்த முறை நான் சந்தா கட்டவில்லை. நண்பருக்கும் வேண்டாம் என்றே சொல்கிறேன், பாதி விலையானாலும். புதிதாகத் தொடங்குபவரால் எது சீன வரிசை, எது ஜப்பானிய வரிசை என்று பிரித்துப் பார்க்க முடியாது. கையில் ஊறியதை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. சீன மொழித் திறன் தேர்வான எச்எஸ்கேயின் புதிய தர அளவீட்டின் தொடக்கக் கட்டத்துக்கே கையால் எழுத 300 எழுத்துகள் வேண்டும். அவற்றுக்குக் கட்டத்தாள் போதும். 'வாங்'கைத் திருத்திவிட்டார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அன்றைக்கே முழு விலை கட்டிச் சேர்ந்துவிடுகிறேன்.